எல்.பி. கிடையாது: ஊர்க் கிரிக்கெட் விதிகளின் பின்கதை

சித்திரை பிறந்து கண்மாய் வற்றியதும் எங்கள் சிவகங்கைப் பக்கத்துப் பேருந்து நிறுத்தங்களில் இரண்டு வகை நோட்டீஸ் ஒட்டுவார்கள். ஒன்று கோவில் திருவிழா. இன்னொன்று 'மாபெரும் மின்னொளி கிரிக்கெட் போட்டி'. இரண்டாவதில் எல்லோரும் பார்ப்பது பரிசுத் தொகையையும் அதைக் கொடுக்கிறவர்களின் படங்களையும்தான். அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் 'விதிமுறைகள்' என்று பத்துப் பன்னிரண்டு வரி இருக்கும். அணிக்கு 11 பேர். 6 ஓவர். ஒருவருக்கு 2 ஓவர். ஸ்டம்புக்குப் போகிற பந்தைக் காலால் மறித்தால் அவுட் என்கிற எல்.பி. கிடையாது. மட்டையில் படாமல் காலில் பட்டு ஓடும் பந்துக்கு எடுக்கும் ரன்னான லெக் பை கிடையாது. மாங்கா எறிந்தால் நோ பால். ஆதார் அட்டை கட்டாயம். கேப்டன் மட்டுமே நடுவரிடம் பேசலாம். நடுவர் தீர்ப்பே இறுதியானது. அதற்கும் கீழே, விழாக்குழுவின் தீர்ப்பே இறுதியானது.

இறுதி எப்படி இரண்டு இருக்கும் என்று கேட்கக் கூடாது. சில வருடம் எங்கள் ஊர் விழாக்குழுவில் ஸ்கோர் நோட்டு என் கையில் இருந்தது. அந்தப் பொடி எழுத்து வரிகளில் சிலதை நானே எழுதி அச்சகத்துக்குக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு சண்டை உண்டு. டிவியில் பார்க்கிற ஆட்டத்தை வசதிக்கேற்ப வெட்டிச் சுருக்கியதுதான் ஊர் விதி என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 1727இல் இங்கிலாந்தில் எழுதப்பட்ட ஓர் ஒப்பந்தத்தைப் படித்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

கிரிக்கெட்டுக்கு அப்போது பொதுவான எழுத்துச் சட்டம் எதுவும் இல்லை. ரிச்மண்ட் பிரபுவும் ஆலன் பிராட்ரிக் என்பவரும் இரண்டு மேட்ச் ஆடுவதாகப் பேசி, நிபந்தனைகளை எழுதிக் கையெழுத்திட்டுக்கொண்டார்கள். அணிக்கு 12 பேர். ஸ்டம்புக்கு ஸ்டம்பு 23 கஜம். பந்தயம் பக்கத்துக்கு 12 கினி, அதாவது அந்தக் காலத்து ஆங்கிலேயத் தங்கக் காசு. பிராட்ரிக் தன் ஊரான பெப்பர் ஹாரோவிலிருந்து மூன்று மைலுக்குள் இருப்பவர்களைத்தான் ஆட்டத்துக்குக் கூட்டி வரலாம். அவர்களும் மார்ச் 25ஆம் தேதி அன்றே அங்கே குடியிருந்திருக்க வேண்டும். அதாவது மேட்சுக்காக நேற்று வந்து குடியேறியவன் செல்லாது. அணிக்கு ஓர் அம்பயர். ஆட்டக்காரர் எவராவது தீர்ப்பைப் பற்றி வாய் திறந்தால் வெளியேற்றப்படுவார்; ரிச்மண்டுக்கும் பிராட்ரிக்குக்கும் மட்டும் இதில் விலக்கு.

ஆதார் அட்டையும் 'கேப்டன் மட்டுமே பேசலாம்' என்ற வரியும் அங்கேயே இருக்கின்றன. எழுத்தில் சட்டம் வந்தது 1744இல். கிரிக்கெட் சட்டங்களை எழுதிக் காக்கும் லண்டன் கிளப்பான எம்.சி.சி. தொடங்கப்பட்டது 1787இல். இப்போது நடப்பில் இருக்கும் 2017ஆம் ஆண்டுத் தொகுப்பில் 42 சட்டங்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கிரிக்கெட் விதி என்பது, ஒருவரை ஒருவர் நம்பாத இரண்டு ஊர்க்காரர்கள் ஆட்டத்துக்கு முன்னால் எழுதிக்கொண்ட உடன்படிக்கை. எங்கள் கண்மாயில் இன்றைக்கும் அது அப்படித்தான் இருக்கிறது. எது சரியான விதி என்று விழாக்குழுவில் யாரும் கேட்டதே இல்லை. எதை எழுதினால் சண்டை குறையும் என்பதுதான் எப்போதும் பேச்சு.

முதலில் ஓவர் கணக்கு. 32 அணி பெயர் கொடுத்தால் நாக் அவுட்டில் மொத்தம் 31 மேட்ச். ஒரு மேட்ச் முடிந்தால் ஓர் அணி வெளியே போகும்; ஒருவன் மிஞ்ச 31 பேர் போக வேண்டும். ஓர் ஓவருக்கு 4 நிமிடம் வையுங்கள். 6 ஓவர் மேட்சில் இரண்டு பக்கமும் சேர்த்து 48 நிமிடம்; டாஸ், அணி மாறுவது, காணாமல் போன பந்தைத் தேடுவது என்று இன்னொரு 12. ஆக மேட்சுக்கு ஒரு மணி நேரம், மொத்தம் 31 மணி நேரம். வெள்ளி சாயங்காலம் விளக்கைப் போட்டு ஆரம்பித்து, உச்சி வெயிலில் நிறுத்தி நிறுத்தி ஆடினாலும் ஞாயிறு இரவுக்குள் கோப்பையைக் கொடுத்துவிடலாம். இதையே 8 ஓவர் என்று வைத்தால் 39 மணி நேரத்தைத் தாண்டும். திங்கட்கிழமை திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏற வேண்டியவர்கள்தான் பாதி அணி. 6 ஓவர் என்ற எண்ணை முடிவு செய்வது அந்தத் திங்கட்கிழமை. கால் இறுதியிலிருந்து 8 ஓவர் என்று போடுவதும் இதே கணக்கில்தான். அங்கிருந்து மிச்சம் இருப்பது 7 மேட்ச்.

ஓவர் குறைந்ததும் வேறொன்று தானாக மாறுகிறது. இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் 4 ஓவர் போடலாம், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. 6 ஓவரில் 2 என்றால் மூன்றில் ஒரு பங்கு. மூன்றே பேர் ஒழுங்காகப் போட்டால் மேட்ச் கைக்குள் வந்துவிடும். அந்த மூன்று பேர் ஊரில் இல்லையென்றால்? காரைக்குடியிலிருந்தோ மதுரையிலிருந்தோ ஆள் இறங்கும். எங்களுக்கு அவர் பெயர் 'கெஸ்ட்'. சாப்பாடு, பஸ் காசு, கையில் ஏதோ கொஞ்சம். ஒரே வெளியூர்க்காரர் காலையில் ஓர் ஊருக்கும் மறுநாள் வேறொரு பெயரில் இன்னோர் ஊருக்கும் ஆடிய கதையெல்லாம் உண்டு. ஆதார் வந்தது அதனால்தான்.

அதோடு முடியவில்லை. திருப்பூரில் எட்டு வருடமாக இருப்பவன் ஆதாரில் முகவரி மாற்றியிருப்பான்; ஆனால் பிறந்தது இங்கே, குலசாமி இங்கே, வரி கொடுப்பது இங்கே. அவன் யார்? பெண் எடுத்த மாப்பிள்ளை எந்த ஊர்? இந்தக் கடைசிக் கேள்வியை எங்கள் விழாக்குழு இரண்டு இரவு பேசியது. மாப்பிள்ளையை ஆடக் கூடாது என்று எந்த மாமனாராலும் மைக்கில் சொல்ல முடியாது. அடுத்த வருட நோட்டீஸில் 'அணிக்கு ஒரு மாப்பிள்ளை மட்டும்' என்று வரி சேர்ந்தது. படித்தவர்கள் சிரித்தார்கள். சண்டை நின்றது.

இனி எல்.பி. அது ஏன் கிடையாது என்று கேட்டால் பந்தைக் காட்டுவார்கள். தோல் பந்து 156 முதல் 163 கிராம் வரை இருக்கும். நாங்கள் ஆடும் டென்னிஸ் பந்து அதிகபட்சம் 59.4 கிராம். இந்த லேசான பந்து இறுகிய கண்மாய் மண்ணில் குத்தினால் இடுப்புக்கு எழும்பும். ஸ்டம்பின் உயரமோ 28 அங்குலம். காலில் பட்ட பந்து பெரும்பாலும் ஸ்டம்புக்கு மேலேதான் போயிருக்கும், பிறகு எதற்கு எல்.பி. என்பார்கள். பாதி உண்மை. கால் நுனியில் விழும் யார்க்கர் எங்கே எழும்பப் போகிறது?

முழு உண்மை அம்பயரிடம் இருக்கிறது. கால் இறுதிவரை அம்பயர் இருவரையும் பேட்டிங் அணியே கொடுக்கும். அடுத்து இறங்க வேண்டியவன் கையைக் கட்டிக்கொண்டு பௌலர் பக்கம் நிற்பான். இன்னும் மீசை முளைக்காத ஒருவன் லெக் அம்பயர். எல்.பி. கொடுக்க மூன்று விஷயம் தெரிய வேண்டும்: பந்து எங்கே குத்தியது, காலில் எங்கே பட்டது, கால் இல்லாவிட்டால் எங்கே போயிருக்கும். முதல் இரண்டையும் கண் பார்க்கும். மூன்றாவது ஊகம். சொந்த அணிக்காரனுக்கு எதிராக ஊகத்தின் பேரில் விரலைத் தூக்கிவிட்டு அவனோடு ஒரே வண்டியில் வீடு திரும்ப யாரால் முடியும்? போல்டு, கேட்ச், ரன் அவுட், ஸ்டம்பிங், ஹிட் விக்கெட் எல்லாம் அப்படியல்ல. கண்மாய்க்கரையில் உட்கார்ந்திருக்கும் முந்நூறு பேரும் சாட்சி. கூட்டம் பார்க்க முடிகிற அவுட்டை மட்டும் ஊர் வைத்துக்கொண்டது, பார்க்க முடியாததைத் தள்ளிவிட்டது. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது எட்ஜ் கேட்ச். டென்னிஸ் பந்து மட்டையை உரசும் சத்தம் ஏற்கெனவே மெல்லிசு, பக்கத்தில் ஜெனரேட்டர், அதற்கு மேல் மைக் வர்ணனை. எங்கள் ஊரில் ஆட்டம் நின்ற இரவுகளில் பாதி இந்த உரசலால்தான்.

1744 சட்டத்திலும் எல்.பி. இல்லை. மட்டைக்குப் பதில் காலைக் கொடுத்து ஸ்டம்பைக் காப்பாற்றும் பழக்கம் வந்த பிறகு, 1774இல்தான் அது எழுதப்பட்டது. முப்பது வருட அனுபவத்தில் அவர்கள் கண்ட அதே தந்திரத்தை நம் பையன்கள் ஒரே மாலையில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கு ஊரின் மருந்து இரண்டு. சில இடங்களில் மூன்று முறை காலால் தடுத்தால் அவுட். எண்ணுவது எளிது, ஊகம் தேவையில்லை. இன்னொன்று 'லெக் பை கிடையாது'. இதைத் தனி விதியாகப் படித்தால் அர்த்தம் புரியாது. காலில் பட்டதற்குத் தண்டனை இல்லையென்றால் காலில் பட்டதற்கு ரன்னும் இல்லை. தராசின் இரண்டு தட்டு மாதிரி இந்த இரண்டு வரியும் சேர்ந்தே வரும். எல்.பி.யை மட்டும் எடுத்துவிட்டு லெக் பையை விட்டுவைத்த நோட்டீஸைப் பார்த்தால், அந்தக் குழு போட்டி நடத்துவது அதுதான் முதல் தடவை என்று சொல்லிவிடலாம்.

அடுத்த தலைவலி மாங்கா. முழங்கையை மடக்கி, மரத்து மாங்காய்க்குக் கல் எறிவதுபோல் பந்தை எறிவதற்கு நம் ஊர் வைத்த பெயர். லேசான பந்தில் வேகம் வர வேண்டுமென்றால் கை தானாக மடங்கும். தோல் பந்தின் கனம் பௌலருக்குச் செய்யும் உதவி இங்கே இல்லை. எம்.சி.சி. சட்டப்படி கை தோள் உயரத்துக்கு வந்த பிறகு, பந்தை விடும்வரை, மடங்கிய முழங்கை நிமிரக் கூடாது. மடங்கியே இருந்தால் தப்பில்லை, நிமிர்ந்தால் தப்பு. சர்வதேச ஆட்டத்தில் 15 டிகிரி வரை விடுகிறார்கள். அதை அளக்க ஆய்வுக்கூடமும் கேமராக்களும் வேண்டும். நம்மிடம் இருப்பது அந்த மீசை முளைக்காத லெக் அம்பயர். முதல் தடவை நோ பால் கொடுத்து எச்சரிக்கவும், அடுத்த தடவை அந்த இன்னிங்ஸ் முழுக்கப் பந்து வீச விடாமல் நிறுத்தவும் சட்டம் சொல்கிறது. ஊரில் நிறுத்துவது அபூர்வம். நோ பால், நோ பால் என்று எண்ணிக்கொண்டே போய் எதிரணி கேப்டன் களத்துக்குள் வந்து நிற்பதுதான் வழக்கம். சில குழுக்கள் போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலமே சந்தேகப்பட்ட பௌலரைக் கூப்பிட்டு நாலு பந்து போடச் சொல்லிப் பார்த்துவிடுகிறார்கள். என் அனுபவத்தில் இதுதான் நல்ல வழி. ஆட்டச் சூட்டில் எவனும் தன் கை மடங்கியதை ஒத்துக்கொள்ள மாட்டான்.

இது வெறும் ஊர்ப் பிரச்சினையும் அல்ல. சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்த நடராஜன், 2015 தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்காக ரஞ்சி ஆட வந்ததுமே அவருடைய பந்துவீச்சு முறை சந்தேகத்துக்கு உள்ளானது. உழைத்துத் திருத்திக்கொண்டு திரும்பி வந்தார். 2020 கடைசியில் ஆஸ்திரேலியா போய், ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக இறங்கினார். எங்கள் பக்கத்துப் பௌலர்களிடம் யார்க்கருக்காக அவரைச் சொல்வார்கள்; நான் அந்தத் திருத்தத்துக்காகச் சொல்வேன்.

வைடு, நோ பால் விதிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுண்ணாம்பில் கோடு போட்டால் வைடு சண்டை பாதி தீரும், அதுவும் ராத்திரிப் பனியில் அழிந்துவிடும். இடுப்புக்கு மேல் வரும் ஃபுல் டாஸ் நோ பால், இரண்டு முறை குத்தி வந்தாலும் நோ பால். இரண்டும் புத்தகத்தில் உள்ளதே. நோ பாலுக்கு அடுத்த பந்தில் பெரும்பாலும் அவுட்டே இல்லை என்கிற ஃப்ரீ ஹிட் மட்டும் வேடிக்கை. எம்.சி.சி.யின் 42 சட்டத்தில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. அது சர்வதேசக் குறும் ஆட்டங்களுக்கான தனி விதி. டிவி வழியாக நேரே கண்மாய்க்குள் வந்துவிட்டது. மூலச் சட்டமான எல்.பி.யைத் தள்ளிய ஊர், சட்டத்திலேயே இல்லாத ஃப்ரீ ஹிட்டை மாலை போட்டு வரவேற்றிருக்கிறது. ஃப்ரீ ஹிட்டில் யாருக்கும் ஊகம் தேவையில்லை, கூட்டத்துக்கும் சந்தோஷம். எதிர்மாறாக, அடிபட்ட பேட்ஸ்மேனுக்குப் பதிலாக ஓடும் பை ரன்னரை எம்.சி.சி. சட்டம் இன்றும் அனுமதிக்கிறது, சர்வதேச ஆட்டங்களில் 2011இல் நிறுத்திவிட்டார்கள். ஊரும் நிறுத்திவிட்டது. கால் உண்மையில் பிடித்துக்கொண்டதா, மூச்சு வாங்குகிறதா என்று யார் பார்ப்பது?

ஒரு விஷயத்தில் எனக்கு ஊரோடு சண்டை உண்டு. 'மான்கட் கிடையாது' என்று இன்னும் பல நோட்டீஸில் அச்சடிக்கிறார்கள். பந்து போடும் முன்பே கிரீஸை விட்டு நகர்கிற எதிர்முனை ஆளை பௌலர் ரன் அவுட் செய்வதற்கு அந்தப் பெயர் வந்தது, 1947 டிசம்பரில் சிட்னியில் வினு மன்கட் பில் பிரௌனை அப்படி வெளியேற்றிய பிறகு. 2019 மார்ச்சில் ஜெய்ப்பூரில் அஸ்வின் பட்லரை அவுட் செய்தபோது டீக்கடைகள் இரண்டாகப் பிரிந்ததை நான் பார்த்தேன். 2022 அக்டோபரில் எம்.சி.சி. இதை 'நியாயமற்ற ஆட்டம்' என்ற 41ஆம் சட்டத்திலிருந்து எடுத்து, வெறும் ரன் அவுட்டாக 38ஆம் சட்டத்தில் வைத்துவிட்டது. சட்டம் தயங்காமல் சொல்லிவிட்டதை ஊர் ஏற்க மறுக்கிறது. 6 ஓவர் ஆட்டத்தில் பாதி ரன், தட்டிவிட்டு ஓடுவதிலும் கீப்பர் கையில் பந்து இருக்கும்போதே ஓடுவதிலும் வருகிறது. அங்கே இரண்டு எட்டு முன்னால் நிற்பவன் ஒவ்வொரு பந்திலும் களவாடுகிறான். குழுவில் இதை எடுத்துச் சொன்னபோது, "சரி மாமா, ஆனா அதைச் செஞ்ச பௌலரைக் கரையில உக்காந்திருக்கிறவன் சும்மா விடுவானா?" என்று ஒரு தம்பி கேட்டான். பதில் இல்லை. கடைசியில் 'ஒரு முறை எச்சரிக்கை, அடுத்து அவுட்' என்று சமரசம் ஆனது.

அதே 2022 மாற்றங்களில் இன்னொன்றை மட்டும் அந்த வருடமே ஏற்றுக்கொண்டார்கள். கேட்ச் பிடித்த நேரத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் தாண்டியிருந்தாலும், புதிதாக வருபவர்தான் அடுத்த பந்தைச் சந்திக்க வேண்டும். ஓவர் முடிந்திருந்தால் மட்டும் வேறு. 'கிராஸ் ஆயிட்டான், ஆகலை' என்ற கூச்சலுக்கு ஒரே வரியில் முடிவு கிடைத்தால் ஊர் ஏன் வேண்டாம் என்று சொல்லப் போகிறது?

ஸ்கோர் சமமானால் என்ன செய்வது என்பதில் உலகமே தடுமாறியிருக்கிறது. 2007 செப்டம்பரில் டர்பனில் இந்தியாவும் பாகிஸ்தானும் யாரும் நிற்காத ஸ்டம்பைப் பார்த்துப் பந்து போட்டு, 3-0 என்று முடிவு செய்தார்கள். பிறகு அது போய், அணிக்கு ஓர் ஓவர் கூடுதலாக ஆடும் சூப்பர் ஓவர் வந்தது. 2019 உலகக் கோப்பை இறுதியில் சூப்பர் ஓவரும் சமமாகி, பவுண்டரி எண்ணிக்கையில் கோப்பை கைமாறியது. அந்த எண்ணும் முறையையும் சில மாதங்களில் கைவிட்டார்கள். நாங்கள் இன்னும் டர்பனில்தான் நிற்கிறோம். இரவு இரண்டு மணிக்கு அடுத்த அணி பேடைக் கட்டிக்கொண்டு காத்திருக்கையில், ஆளுக்கொரு பந்தாக ஸ்டம்பைப் பார்த்து எறிவது ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். தவிர, ஸ்டம்பு விழுந்ததா இல்லையா என்பதற்கு அம்பயர் தேவையில்லை.

கடைசியாக மைதானம். கண்மாய்க்கு ஒரு பக்கம் கரை, ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் யாருடைய மிளகாய்த் தோட்டமோ. பவுண்டரியைக் காலடியால் அளந்து கயிறு போடுவோம். உள்ளே மரம் இருந்தால்? எல்லைக்குள் இருக்கும் தடை, டாஸுக்கு முன்னால் அம்பயர்கள் முடிவு செய்திருந்தால்தான் பவுண்டரியாகும் என்று சட்டமே இடம் விட்டிருக்கிறது. கேன்டர்பரியின் செயின்ட் லாரன்ஸ் மைதானத்தில் கவுண்டி ஆட்டமே ஒரு லிண்டன் வகை நிழல்மரத்தை எல்லைக்குள் வைத்துக்கொண்டுதான் நடந்தது. மரத்தில் பட்டால் நாலு ரன். 2005 ஜனவரியில் காற்றில் அந்த மரம் முறிந்து போனது.

எங்கள் கண்மாயில் மிட் விக்கெட்டில் ஒரு சீமைக் கருவேலம் நின்றது. பட்டால் 2 ரன் என்பது ஒன்பதாவது விதி. கரிமூட்டத்துக்காக ஒரு மாசியில் அதை வெட்டிவிட்டார்கள். அச்சகத்தில் பழைய நோட்டீஸை அப்படியே எடுத்துத் தேதியை மட்டும் மாற்றியதால் ஒன்பதாவது விதி தங்கிவிட்டது. அரை இறுதியில் பந்து அந்த மொட்டைத் தூரில் பட்டுத் திரும்பி ஃபீல்டர் கைக்குப் போனது. பேட்டிங் கேப்டன் பையிலிருந்து நோட்டீஸை எடுத்து விரித்தார். மரம் என்றால் எவ்வளவு உயரம் வேண்டும் என்று அதில் போடவில்லை. 2 ரன் கொடுத்து ஸ்கோர் நோட்டில் எழுதினேன்.